நாட்டுப் பணத்துக்குக் காவல் வைத்த அம்பேத்கார்

கணக்கு ஆபீசில் வேலை கிடைத்தும், தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் ஊரை விட்டே விரட்டப்பட்டவர் அவர். சர்க்காரிடமே கணக்குக் கேட்கும் அதிகாரிக்காகப் பிற்காலத்தில் வாதாடியவரும் அவரே!

மளிகைக் கடைக்குப் போய் வரும்படி அம்மா மகனிடம் 200 ரூபாய் கொடுக்கிறாள். மகன் சாமான்களுடன் திரும்புகிறான்.

அம்மா முதலில் மீதிச் சில்லறையை எண்ணுகிறாள். பிறகு, எது என்ன விலை என்று கேட்கிறாள். கடைசியில் துவரம் பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறாள். அதில் பாதி சொத்தை! கணக்கு சரியாக இருந்தும் மகனுக்குத் திட்டு விழுகிறது.

செலவுக் கணக்கு சரியா? கொடுத்த பணத்துக்கு ஏற்ற பொருள் வந்ததா? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்பதுதான் தணிக்கை. ஆடிட் என்று படித்தவர்கள் சொல்வதும் இதைத்தான்.

வீட்டுப் பணத்துக்கு அம்மா கேட்கிறாள். ஊர்ப் பணத்துக்கு யார் கேட்பது?

சென்னை விமான நிலையத்தை ஒட்டி, அடையாற்றங்கரையில் இருக்கும் ஊர் பொழிச்சலூர். வட திருநள்ளாறு என்று பக்தர்கள் போற்றும் அகஸ்தீசுவரர் கோவில் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு தெரு விளக்கு எரிந்தால், அது ஊரார் பணத்தில் எரிகிறது. வீட்டு வரி கட்டுகிறவர்கள் பணம் மட்டும் அல்ல. கடையில் ஒரு சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் அதன் விலையோடு சேர்த்து வரி கட்டுகிறார்.

இப்படிச் சேரும் பணம் கோடி கோடியாக டெல்லிக்கும் சென்னைக்கும் போகிறது. அது சாலையாக, பள்ளிக்கூடமாக, ஆஸ்பத்திரியாகத் திரும்பி வரவேண்டும். வந்ததா என்று பார்ப்பதற்கு ஓர் அதிகாரி இருக்கிறார். கம்ப்ட்ரோலர் அண்டு ஆடிட்டர் ஜெனரல் என்று அவருக்குப் பெயர். தமிழில், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்பார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், 1860-ம் ஆண்டிலேயே ஆடிட்டர் ஜெனரல் பதவி ஏற்பட்டுவிட்டது. ஆனால் சுதந்திர நாட்டில் அது யாருக்கும் அஞ்சாத பதவியாக இருக்கவேண்டும் என்று வாதாடியவர், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கார்.

தீண்டாமையை எதிர்த்த தலைவர், சட்ட மேதை என்று அவரை எல்லோருக்கும் தெரியும். பொதுப் பணத்தின் வரவு செலவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பட்டம் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

காசாளரின் மகன்

1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி, மத்திய இந்தியாவில் உள்ள மௌ என்ற ராணுவ முகாமில் பீமராவ் பிறந்தார். தந்தை ராம்ஜி, பட்டாளத்தில் சுபேதார். பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகவும் இருந்தவர். பீமராவ் அவருக்கு 14-வது குழந்தை.

அவர்கள் மகர் சாதியார். தீண்டப்படாதவர்கள் என்று ஊரார் ஒதுக்கி வைத்த சாதி. பள்ளிக்கூடத்தில் பீமராவ் மற்றப் பிள்ளைகளோடு உட்காரக்கூடாது. வீட்டிலிருந்து கொண்டு போன கோணியை விரித்து, தனியே உட்காருவான். தாகம் எடுத்தாலும் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்து விட்டால்தான் தண்ணீர். அன்று சேவகன் வராவிட்டால், அன்று தண்ணீர் இல்லை!

பென்சன் வாங்கிய பிறகு ராம்ஜிக்கு ஒரு வேலை கிடைத்தது. சதாரா ஜில்லாவில் பஞ்சம். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக, கோரேகாவ் என்ற இடத்தில் சர்க்கார் ஓர் ஏரி வெட்டியது. அந்த வேலையில் ராம்ஜி காசாளர். சர்க்கார் பணத்துக்குப் பொறுப்பாளி அவர்தான்.

1901-ம் ஆண்டு. கோடை விடுமுறையைத் தந்தையோடு கழிக்கப் பிள்ளைகள் புறப்பட்டார்கள். பீமராவ், அவன் அண்ணன், இறந்துபோன அக்காளின் பிள்ளைகள் எல்லோரும் புதுச் சட்டை, ஜிகினா தொப்பி, பட்டுக்கரை வேட்டி அணிந்து ரெயில் ஏறினார்கள்.

மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அவர்களை அழைத்துப் போக யாரும் வரவில்லை. அனுப்பிய கடிதத்தை வாங்கிய சேவகன், அதை ராம்ஜியிடம் கொடுக்க மறந்துவிட்டான். நல்ல உடையைப் பார்த்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், சாதியைக் கேட்டதும் முகம் மாறினார். எந்த வண்டிக்காரனும் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில், இரட்டை வாடகை தருவதாகச் சொன்னதும் ஒருவன் சம்மதித்தான். அதற்கும் ஒரு நிபந்தனை. மாட்டைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும். அவன் தீட்டுப் படாமல் பக்கத்தில் நடந்து வருவான்!

இரவாயிற்று. கூடை நிறையச் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச் சாவடியில் போய்க் கேட்டார்கள். அங்கேயும் கிடைக்கவில்லை. சாப்பாட்டைத் தொடாமலே, பசியோடும் தாகத்தோடும் அந்த இரவைக் கழித்தார்கள். மறுநாள் பகலில்தான் தந்தையிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறார் தந்தை. அவருடைய பிள்ளைக்கு ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கவில்லை! சர்க்கார் பணம் செலவாவது வேறு, அதன் பலன் கடைசி மனிதனுக்குப் போய்ச் சேருவது வேறு. பின்னாளில் புத்தகங்களில் படிக்க இருந்த அந்தப் பாடம், 9 வயதிலேயே அவன் மேல் விழுந்தது.

கடல் கடந்த படிப்பு

ராம்ஜிக்குப் பிள்ளையின் படிப்பே உயிர். அவன் கேட்ட புத்தகத்தை வாங்கப் பணம் இல்லாவிட்டால், கட்டிக் கொடுத்த மகள்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைப்பார். பென்சன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

1912-ல் பீமராவ் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து பி.ஏ. தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வார் உதவித்தொகை கொடுத்தார். 1913-ல் அம்பேத்கார் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

என்ன படித்தார் தெரியுமா? சர்க்காரின் வரவு செலவைத்தான்! பொது நிதி இயலில் பெயர் பெற்ற பேராசிரியர் செலிக்மன் அவருக்கு ஆசான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றி 1915-ல் ஓர் ஆய்வுரை எழுதினார். கம்பெனி பட்ட கடனெல்லாம் 1858-க்குப் பிறகு இந்திய மக்கள் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பதை அவர் ஆராய்ந்தார். பிறகு, 1833 முதல் 1921 வரை மாகாணங்களின் நிதி நிலை வளர்ந்த விதத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அந்த நூல் 1925-ல் வெளிவந்தது. கொலம்பியாவின் டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைத்தது அந்த ஆராய்ச்சிக்காகத்தான்.

பழைய பட்ஜெட்டுகளைப் புரட்டுவது சுவையான வேலை அல்ல. ஆனால் யாரிடம் வாங்கினார்கள், யாருக்குச் செலவிட்டார்கள் என்பது அதில்தான் தெரியும்.

பரோடாவில் 11 நாட்கள்

உதவித்தொகை பெற்றவர், படித்து முடித்ததும் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்கவேண்டும் என்பது ஒப்பந்தம். 1917-ல் அம்பேத்கார் பரோடாவுக்குப் போனார். அங்கே அக்கவுண்டண்டு ஜெனரல் ஆபீசில், அதாவது சமஸ்தானத்தின் தலைமைக் கணக்கு அலுவலகத்தில், அவருக்குப் பயிற்சி அதிகாரி வேலை.

வேலை இருந்தது. தங்க இடம் இல்லை! தீண்டப்படாதவருக்கு எந்த ஓட்டலும் அறை கொடுக்காது. வேறு வழி இல்லாமல், பார்சிகளுக்கான ஒரு விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். அது ஓட்டைச் சாமான்கள் அடைந்து கிடந்த இருட்டு மாடி. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பகலெல்லாம் ஆபீசில் கணக்கு. இரவில் வௌவால் பறக்கும் மாடியில் புத்தகம்.

11-ம் நாள் காலை. ஆபீசுக்குப் புறப்படும் நேரத்தில், தடியுடன் ஒரு கூட்டம் மாடிப்படி ஏறி வந்தது. பெயரை மாற்றிச் சொல்லி விடுதியின் புனிதத்தைக் கெடுத்துவிட்டதாகத் திட்டியது. மாலைக்குள் வெளியேறவேண்டும் என்று மிரட்டியது.

இரண்டு நண்பர்களிடம் அடைக்கலம் கேட்டார். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். இருவரும் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். அம்பேத்கார் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்தார். இரவு ரெயில் வரும் வரை கண்ணீரோடு அங்கேயே இருந்தார். பிறகு பம்பாய்க்கு ரெயில் ஏறினார்.

அமெரிக்காவில் பொது நிதி படித்து வந்தவரைப் பரோடா கணக்கு ஆபீசு இழந்தது. அவர் கணக்கில் பிழை கண்டு யாரும் அனுப்பவில்லை. அவர் பிறந்த சாதியைக் கண்டு விரட்டினார்கள்!

விரட்டியவர்களில் பார்சிகள் இருந்தார்கள். தூக்கிவிட்டவர்களிலும் ஒரு பார்சி இருந்தார். அம்பேத்கார் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். கோல்காப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். பார்சி நண்பர் நவல் பத்தேனா 5 ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். 1920-ல் அம்பேத்கார் மறுபடியும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அரை வயிற்றுச் சாப்பாட்டோடு நூல்நிலையத்தில் படித்தார். ரூபாயின் பிரச்சினை என்ற ஆராய்ச்சிக்காக 1923-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

யாருடைய குளம்?

1923-ல் பம்பாய் சட்டசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொதுப் பணத்தில் கட்டி, பொதுப் பணத்தில் பராமரிக்கும் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்பது தீர்மானம். அதன்படி மகாத் நகரசபையும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924-ல் அறிவித்தது.

காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் ஒருவராலும் அதில் இறங்க முடியவில்லை!

1927-ம் ஆண்டு மார்ச் 20-ந்தேதி, ஆயிரக்கணக்கான மக்களோடு அம்பேத்கார் அந்தக் குளத்துக்கு நடந்தார். குனிந்து கையால் தண்ணீரை அள்ளிக் குடித்தார். எல்லோரும் குடித்தார்கள். பிறகு அவர்களுக்கு அடி உதை கிடைத்தது. குளத்துக்குச் சடங்கு செய்து தீட்டுக் கழித்தார்கள். வழக்கு 10 ஆண்டுகள் நடந்தது. 1937-ல் பம்பாய் ஐகோர்ட்டு தீண்டப்படாதோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

எங்கள் வரியும் சேர்ந்து கட்டிய குளம், எங்களுக்கு ஏன் இல்லை? அன்று கேட்டது இந்தக் கேள்விதான். வரவு செலவுப் புத்தகத்தை எடுக்காமலே நடந்த பெரிய தணிக்கை அது!

அதே 1927-ல் அவர் பம்பாய் சட்டசபையில் நியமன உறுப்பினர். பட்ஜெட்டைப் பற்றிப் பேச எழுந்தபோது, ஏழை விவசாயியும் பெரிய நிலக்காரரும் ஒரே விகிதத்தில் நிலவரி கட்டுவது நியாயமா என்று கேட்டார்.

1949 மே 30

நாடு சுதந்திரம் பெற்றது. 1948 ஆகஸ்டு 15-ந்தேதி, வி.நரஹரி ராவ் ஆடிட்டர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். டெல்லியில் அரசியல் நிர்ணய சபை புதுச் சட்டத்தை வரிவரியாக விவாதித்தது. 1949 மே 30-ந்தேதி தணிக்கை அதிகாரியைப் பற்றிய விதி வந்தது.

அம்பேத்கார் எழுந்தார். பார்லிமெண்டு அனுமதித்த பணம், அனுமதித்த காரியத்துக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டியவர் இவர் ஒருவர்தான் என்றார். அரசியல் சட்டத்திலேயே மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவராகத்தான் இருப்பார் என்றார். இவருடைய கடமை நீதிபதிகளின் கடமையைவிடப் பெரியது என்றும் சொன்னார்.

அதோடு ஒரு குறையையும் மறைக்காமல் சொன்னார். நீதிபதிகளுக்குக் கொடுத்த அளவு சுதந்திரத்தை இந்த அதிகாரிக்கு நாம் கொடுக்கவில்லை. உண்மையில், அதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. தான் தலைமை வகித்து உருவாக்கிய சட்டத்தில் உள்ள குறையைத் தானே எடுத்துக் காட்டினார்!

ஏன் அத்தனை சுதந்திரம்? கணக்குப் பார்க்கிறவரின் சம்பளம், கணக்குக் காட்டுகிறவர் கையில் இருந்தால் கணக்கு நேராக இருக்குமா?

எனவே சட்டம் சில வேலிகளைப் போட்டது. இந்த அதிகாரியை ஜனாதிபதி நியமிக்கிறார். ஆனால் எந்த மந்திரியும் இவரை நினைத்தபோது நீக்க முடியாது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை நீக்குவதற்கு உள்ள கடினமான வழிதான் இவருக்கும். பதவியில் இருக்கும்போது சம்பளத்தைக் குறைக்க முடியாது. பதவி முடிந்த பிறகு மத்திய சர்க்காரிலோ, மாநில சர்க்காரிலோ வேறு பதவி ஏற்க முடியாது. நாளை கிடைக்கும் பதவிக்கு ஆசைப்பட்டு, இன்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது அல்லவா?

பதவிக்காலம் 6 ஆண்டுகள், அல்லது 65 வயது. எது முன்னால் வருகிறதோ அதுவரை.

1950 ஜனவரி 26-ந்தேதி அரசியல் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. 1956 டிசம்பர் 6-ந்தேதி அம்பேத்கார் காலமானார். அவர் வாதாடிய பதவி நிலைத்து நிற்கிறது.

தணிக்கை எப்படி நடக்கிறது?

ஓர் ஊரில் ஏரியை ஆழப்படுத்த சர்க்கார் பணம் ஒதுக்கியது என்று வைத்துக்கொள்வோம்.

தணிக்கைக்காரர்கள் முதலில் ஆபீசுக்கு வருவார்கள். உத்தரவு போட்டது யார், டெண்டர் முறைப்படி விட்டார்களா, வவுச்சர் இருக்கிறதா, ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள். எத்தனை கன மீட்டர் மண் எடுத்ததாக அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். இது சட்டப்படி செலவானதா என்று பார்க்கும் தணிக்கை.

இன்னொரு தணிக்கையும் உண்டு. அதைச் செயல்திறன் தணிக்கை என்கிறார்கள். பருப்பைக் கையில் கொட்டிப் பார்க்கும் தணிக்கை இது! சிக்கனமாகச் செலவிட்டார்களா? திறமையாக வேலை நடந்ததா? நினைத்த பலன் கிடைத்ததா? இதற்கு ஏரிக்கரைக்கே போய்ப் பார்க்கவேண்டும். கணக்கில் பிசகே இல்லாமல் இருக்கலாம்; ஏரியில் தண்ணீர் நிற்காமலும் இருக்கலாம்.

தவறு கண்டால் உடனே குற்றம் சாட்டிவிட மாட்டார்கள். குறிப்பு எழுதி, சம்பந்தப்பட்ட ஆபீசிடம் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் சரியாக இருந்தால் அந்த ஆட்சேபணை பைசல். இல்லாவிட்டால் அது மேலே போகும். முடிவில் அறிக்கையாக அச்சேறும். மத்திய சர்க்கார் பற்றிய அறிக்கை ஜனாதிபதி மூலம் பார்லிமெண்டுக்கு வரும். மாநிலம் பற்றிய அறிக்கை கவர்னர் மூலம் சட்டசபைக்கு வரும். அங்கே பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து, அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும்.

தணிக்கை அதிகாரி யாரையும் கைது செய்ய முடியாது. அபராதம் போட முடியாது. எழுதத்தான் முடியும். எழுதியதைப் படிக்க ஆள் இருந்தால்தான் அதற்குப் பலம்.

அடையாற்று வெள்ளம்

இது டெல்லிச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்கவேண்டாம். பொழிச்சலூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2015 டிசம்பர் 1-ந்தேதி இரவை அந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தது. பொழிச்சலூர், அனகாபுத்தூர் என்று ஆற்றங்கரை ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கட்டில், அலமாரி, பிள்ளைகளின் பாடப் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் தண்ணீரில் போயின.

வெள்ளம் வடிந்தது. தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வெறும் செலவுக் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. ஏரிக்கு எந்த மணிக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு திறந்தார்கள் என்ற பதிவேட்டையே பார்த்தார்கள்.

2018 ஜூலையில் அந்த அறிக்கை தமிழக சட்டசபைக்கு வந்தது. ஏரியிலிருந்து நொடிக்கு 29 ஆயிரம் கன அடி வீதம், 21 மணி நேரம் தொடர்ந்து தண்ணீர் வெளியேறியதை அது சுட்டிக்காட்டியது. நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல்! ஏரி நீரைக் கையாண்ட முறையில் தவறு இருந்தது, இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று அறிக்கை கூறியது. அளவு மீறிய மழையும், மற்ற ஏரிகளிலிருந்து வந்த உபரி நீருமே காரணம் என்பது சர்க்கார் தரப்பின் வாதம்.

எது சரி என்று வாதிடலாம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. சர்க்காரின் ஓர் அதிகாரி சர்க்காரின் ஏரியைப் பற்றியே கணக்குக் கேட்டார். பதிலை எல்லோரும் படிக்கும்படி அச்சிட்டார். அப்படி எழுதியதற்காக அவரை வீட்டுக்கு அனுப்ப யாராலும் முடியாது. 1949-ல் போட்ட வேலி, 2018-ல் பயன்பட்டது.

போன சாமானை அந்த அறிக்கை திருப்பித் தரவில்லை என்பதும் உண்மை. வெள்ளத்துக்கும் அறிக்கைக்கும் நடுவே இரண்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன. தணிக்கை பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகுதான் வருகிறது. அடுத்த முறையாவது ஒழுங்காக நடக்கவேண்டும் என்பதுதான் அதன் பயன். படித்தவர்கள் மறந்துவிட்டால் அந்தப் பயனும் இல்லை.

நீங்களும் கேட்கலாம்

பெரிய அறிக்கையைப் படிக்க எல்லோருக்கும் நேரம் இருக்காது. ஆனால் சொந்த ஊரில் கேட்க வழி இருக்கிறது.

2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பொழிச்சலூர் அதில் சேராமல் தனி ஊராட்சியாகவே இருந்தது. ஊராட்சி என்றால் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடும். ஊர் வாக்காளர் யாரும் போகலாம். ஊராட்சியின் வரவு செலவையும், தணிக்கை அறிக்கையையும் அங்கே வைக்கவேண்டும். படிக்கத் தெரிந்தவர் வாங்கிப் படிக்கலாம். தெரியாதவர் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

நம் தெருவுக்குப் போட்டதாகச் சொல்லும் சாலை எங்கே? தூர் வாரியதாக எழுதிய கால்வாயில் மண் ஏன் அப்படியே இருக்கிறது? இவ்வளவு கேட்டால் போதும். அதற்கு பி.ஏ. படிப்பு வேண்டாம். பருப்பைக் கையில் கொட்டிப் பார்க்கும் அம்மாவின் கண் இருந்தால் போதும்.

கோரேகாவ் வழியில் தண்ணீர் கேட்டுக் கிடைக்காமல் நின்ற சிறுவன், வளர்ந்து நமக்கு வாங்கித் தந்த உரிமை அது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.